முல்லைத்தீவு மணல் எங்கே பிறந்தது?

பிள்ளைகளே, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளி உற்றுப் பாருங்கள். சிப்பித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவதில் பெரும்பகுதி வெளிறிய சிறு மணிகள். நடுநடுவே கரிய மணிகளும் தெரியும். இவை கடலுக்குள் பிறந்தவை அல்ல; உள்நாட்டுக் கற்பாறைகளில் பிறந்தவை.

வவுனியாப் பக்கத்தில் நிலத்துக்கடியில் கிடப்பது நைஸ் என்னும் வரியோடிய பாறை. அதன் வயது 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். வெயிலிலும் மழையிலும் அது மெல்ல மெல்ல உக்குகிறது. அதிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் களியாக மாறிவிடும். குவார்ட்ஸ் என்ற கனிமமோ இலேசில் அழியாது, மணலாக உதிரும். மாரிவெள்ளம் இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடும். கனகராயன் ஆறு சுண்டிக்குளம் களப்பை நோக்கியும், பேராறு நந்திக்கடல் களப்பை நோக்கியும் பாய்கின்றன. களப்பின் அமைதியான நீரில் களி அடியில் படிந்து சேறாகும். இறால்கள் வளர்வது அந்தச் சேற்றில்தான். வெள்ளத்தோடு கடலை எட்டிய மணலை அலைகள் பொறுப்பெடுக்கும்.

வாடைக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சரிவாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் மணலைக் கரையோரமாகச் சற்று நகர்த்தும். இப்படி நகர்ந்த மணல், களப்பின் முகத்துவாரத்தில் நீண்ட திட்டாகக் குவிந்து அதை அடைத்துவிடும். மாரியில் நீர் ஏறும்போது திட்டு உடையும். உடையாவிட்டால், நந்திக்கடலின் முகத்துவாரமுள்ள வட்டுவாகலில் செய்வதுபோல மனிதரே வெட்டிவிடுவார்கள்.

கரிய மணிகள் பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். குவார்ட்ஸ் நீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியானது. இல்மனைட்டோ ஏறத்தாழ 4.7 மடங்கு. சுளகில் புடைக்கும்போது பதர் விலகி நெல் தங்குவதுபோல, அலை வெள்ளை மணலை இழுத்துச் செல்ல, பாரமான கறுப்பு மணல் தங்கிவிடும். கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டையில் அது பெருமளவில் சேர்ந்திருப்பதால் அங்கே தோண்டி எடுக்கிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். சிரட்டையில் சிறிது கடல்மணலும் நீரும் இட்டுச் சுழற்றி, நீரை மெதுவாக வடியுங்கள். வெளிர்மணல் முதலில் வெளியேறும். கறுப்பு அடியில் நிற்கும்.

பாறை மாறினால் கரையும் மாறும். திருகோணமலையில் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான பாறை கடலோரத்திலேயே நிற்கிறது. அலைகளால் அதை எளிதில் அரிக்க முடியவில்லை. அதனால்தான் கோணேசர் கோயில் நிற்கும் மலை கடலுக்கு மேலே செங்குத்தாக 100 மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பது கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல். மழைநீரே அதைக் கரைத்துக் குகைகளாக்கும். நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்த நிலம் இடிந்து உண்டானது.

நம் கரைக்கோ மலையும் இல்லை, கற்சுவரும் இல்லை. மணல்தான் அதன் காவல். அலை ஆண்டுதோறும் கொஞ்சம் மணலை எடுத்துச் செல்லும். ஆறு புதிதாகக் கொண்டுவந்து ஈடுசெய்யும். ஆற்றுமணலை அளவின்றி அள்ளினால் அந்த வரவு குறையும், கடல் கரையை அரிக்கும். ஆகவே ஆற்றைக் காப்பவரே முல்லைத்தீவுக் கரையையும் காக்கிறார்.