கேமரா நான்கு மாறியது, லென்ஸ் மட்டும் மாறவில்லை

மின்னிலக்கக் கேமரா வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை மெகாபிக்சல்?" கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். லென்சைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பெட்டிக்குள் கேமராவோடு சேர்ந்து வருவதுதானே என்று இருந்துவிடுகிறோம்.

ஈசூனில் வசிக்கும் ஒரு தொழில்நுட்பரின் கதையைக் கேட்டால் இந்தக் கேள்வியின் வரிசை மாறிவிடும். புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல, சனி ஞாயிறுகளில் மட்டும் கையில் எடுக்கும் பொழுதுபோக்கு. 2004ஆம் ஆண்டு மகள் பிறந்தபோது போனஸ் பணத்தில் நிக்கான் டி70 கேமராவை வாங்கினார். 6.1 மெகாபிக்சல். அதோடு 18 முதல் 70 மில்லிமீட்டர் வரை இழுக்கக்கூடிய ஸூம் லென்ஸ் ஒன்றும் வந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அருமையாக அமைந்தன. தேக்காவில் தீபாவளி ஒளியூட்டு, கிழக்குக் கடற்கரையில் சூரிய உதயம் என்று அவருக்கும் நம்பிக்கை வளர்ந்தது.

அந்த நம்பிக்கை 2005ல் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று சரிந்தது. மாலை நேரம். வீவக வீட்டின் கூடத்தில் இரண்டு குழல் விளக்குகள். தட்டு மாற்றும்போது எடுத்த படங்களில் கைகள் எல்லாம் புகைபோல் கலைந்திருந்தன. மின்வெட்டு விளக்கைப் போட்டு எடுத்தால், முன்னால் இருப்பவர் முகம் வெள்ளைச் சுண்ணாம்பு, பின்னால் இருப்பவர்கள் இருட்டில். தங்கை பாதிப் படங்களில் கண்ணை மூடியிருந்தார். "அண்ணா, கல்யாணத்துக்காவது வேற யாரையாச்சும் கூப்பிடலாமா?" என்று அவர் கேட்டது வேடிக்கையாகத்தான். ஆனாலும் அண்ணனுக்குச் சுருக்கென்று இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

கேமராவில் குறை ஒன்றும் இல்லை. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் திரையை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அன்று அது பத்தில் ஒரு விநாடி திறந்திருந்தது. பத்தில் ஒரு விநாடிக்குள் மனிதனின் கை எவ்வளவோ தூரம் நகர்ந்துவிடும்.

அலமாரியிலிருந்து வந்த தீர்வு

வழியைக் காட்டியவர் அவருடைய தந்தை. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 1979ல் ஒரு நிக்கான் எஃப்எம் படச்சுருள் கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்சும் வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர். தோல் உறைக்குள் இருந்த அந்த லென்சை எடுத்து மகனிடம் நீட்டினார். ஸூம் கிடையாது. தானாகக் குவியம் பிடிக்கவும் தெரியாது. ஆனால் அதன் முகப்பில் 1.4 என்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது.

அந்த எண்தான் விஷயம். லென்சுக்குள் ஒளி நுழையும் துவாரத்தின் அளவை அது குறிக்கிறது. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். 1.4, 2, 2.8, 4, 5.6 என்ற வரிசையில் ஒவ்வொரு படி மேலே போகும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. புதுக் கேமராவோடு வந்த ஸூம் லென்சை முழுக்க நீட்டினால் அதன் எண் 4.5. அப்பாவின் லென்சோ 1.4. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய பத்து மடங்கு கூடுதல் ஒளி. பத்தில் ஒரு விநாடி தேவைப்பட்ட இடத்தில் நூறில் ஒரு விநாடி போதும்! இருபத்தாறு வயது லென்ஸ் புத்தம்புதிய லென்சை மிஞ்சியது இப்படித்தான்.

பழைய லென்ஸ் புதுக் கேமராவில் எப்படிப் பொருந்தியது என்று கேட்கலாம். நிக்கான் 1959ல் அறிமுகப்படுத்திய பொருத்துவளையத்தையே மின்னிலக்கக் காலத்திலும் தொடர்ந்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யவில்லை. கேனன் 1987ல் வளையத்தை மாற்றியபோது அதன் பழைய லென்ஸ்கள் புதுக் கேமராக்களில் பொருந்தாமல் போயின. நிக்கானிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1977க்கு முந்திய, மாற்றியமைக்கப்படாத லென்ஸ்களை வலுக்கட்டாயமாகத் திருகினால் பல கேமராக்களின் பாகம் உடைந்துவிடும். வீட்டில் பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பொருத்துவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பொருந்தியதே தவிர, டி70 அதோடு பேசவில்லை. ஒளியளவி வேலை செய்யாது. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், துவாரம் எவ்வளவு என்பதையெல்லாம் எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். தந்தைக்கு அது பழகிய விஷயம். கூடத்து விளக்கைப் பார்த்தே எண்ணைச் சொன்னார். மகன் எடுத்தார், பின்புறத் திரையில் பார்த்தார், திருத்தினார், மறுபடி எடுத்தார். "எங்க காலத்துல இதைத் தெரிஞ்சுக்க ஒரு வாரம் ஆகும்" என்று தந்தை சிரித்தாராம். மின்னிலக்கக் கேமராவின் மிகப் பெரிய வசதி எது என்று கேட்டால், மெகாபிக்சலைவிட இந்த உடனடித் திருத்தத்தைத்தான் சொல்ல வேண்டும். 36 படங்களில் கற்றுக்கொள்ள வேண்டியதை ஒரே மாலையில் முந்நூறு படங்கள் எடுத்துக் கற்றுக்கொள்ளலாம். செலவும் இல்லை.

இரண்டு மாதமும் வீட்டில் பயிற்சிதான். 1.4ல் எடுத்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. துவாரம் பெரிதானால் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிவிடும். அதனால் எண்ணை 2க்கு நகர்த்தினார். ஒளி பாதியானாலும் ஐம்பதில் ஒரு விநாடி கிடைத்தது. கையால் குவியம் பிடிக்கும்போது கண்ணோக்கியின் மூலையில் தெரியும் பச்சைப் புள்ளி உதவியது. இன்னொரு தற்செயலும் கைகொடுத்தது. டி70யின் உணரி படச்சுருளைவிடச் சிறியது. அதனால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 மில்லிமீட்டர் போல் சற்று நெருக்கிக் காட்டியது. முகங்களை எடுக்க அது தோதான தூரம்.

திருமணம் சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அன்று எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் தேறியவை எண்பது இருக்கலாம். அவற்றில் ஒன்று, மணமக்கள் காலில் விழும்போது தந்தை அட்சதையோடு குனியும் படம். கை தெளிவாக இருந்தது. கையிலிருந்து விழுந்துகொண்டிருந்த அரிசியும் தெரிந்தது. தங்கையின் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. 2007ல் தந்தை காலமானபோது, மாலை போட்டு வைத்ததும் அதே படத்திலிருந்து வெட்டி எடுத்த முகத்துக்குத்தான்.

வாங்கும் வியாதி

அதற்குப் பிறகாவது அவர் லென்சின் அருமையை உணர்ந்திருப்பார் என்று நினைத்தால், அதுதான் இல்லை. எல்லாப் பொழுதுபோக்குக்காரர்களையும் பிடிக்கும் வியாதி அவரையும் பிடித்தது. 2008ல் 12.3 மெகாபிக்சலோடு டி90 வந்தது. எண் இரண்டு மடங்கு, படமும் இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று நம்பி வாங்கினார். உண்மையில் படத்தின் அகலம் 3,008 புள்ளிகளிலிருந்து 4,288ஆகத்தான் கூடியது. அதாவது ஒன்றரை மடங்குகூட இல்லை. அவர் கடையில் அச்சிட்டதோ பெரும்பாலும் 4ஆர் அளவு. அந்த அளவுக்குப் பழைய ஆறு மெகாபிக்சலே மிச்சம். பழைய டி70யை விற்கப் போனபோது கிடைத்த பணத்தை அவர் இன்றுவரை மனைவியிடம் சரியாகச் சொல்லவில்லை.

அடுத்து 70 முதல் 300 மில்லிமீட்டர் வரையிலான நீண்ட லென்ஸ். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் பறவைகளை எடுக்க ஆசை. முதல் மூன்று பயணங்களிலும் பறவைகள் சேற்றின் மறுகோடியில் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. இன்னும் நீண்ட லென்ஸ் வேண்டுமோ என்று விலை விசாரிக்கத் தொடங்கினார். நல்லவேளையாக அங்கே வழக்கமாக வரும் ஒரு முதியவர் கடல் ஏற்றவற்றம் பார்த்து வரச் சொன்னார். நீர் ஏறும் நேரத்தில் வெளியே உள்ள சேற்றுப் பரப்பு மூழ்கிவிடும், கரைப்பறவைகள் உள்ளே குளங்களுக்கு ஒதுங்கும். வலசைப் பறவைகள் வரும் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் ஏற்ற நேரம் பார்த்துப் போனபோது அதே லென்ஸ் போதுமானதாக இருந்தது. பல ஆயிரம் வெள்ளி மிச்சம்.

தோல் உறைக்குள் சிலந்திவலை

தந்தையின் லென்ஸ்? அவர் போன பிறகு அதை எடுக்க மகனுக்கு மனம் வரவில்லை. தோல் உறையில் போட்டு, துணி அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்துவிட்டார். பத்திரம் என்று அவர் நினைத்ததுதான் கெடுதலாக முடிந்தது. 2010ல் உறையைத் திறந்தபோது கண்ணாடிக்குள் சிலந்திவலை போல் வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. பூஞ்சணம்.

நம்மூரில் கேமரா வைத்திருக்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய சொல் இது. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சண வித்துகள் எங்கும் இருப்பவை. இருட்டும் அசையாத காற்றும் ஈரமும் கிடைத்தால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளரும். வளரும்போது அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். இழையைத் துடைக்கலாம், அரிப்பைத் துடைக்க முடியாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதைப் போல மோசமான இடம் வேறில்லை.

பெனின்சுலா பிளாசா பக்கம் விசாரித்து, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். லென்சைப் பிரித்துச் சுத்தம் செய்து திருப்பித் தந்தவர், ஓர் இடத்தில் தழும்பு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நின்றது. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. எதிரே குத்துவிளக்கோ தெருவிளக்கோ இருந்தால் படத்தில் மெல்லிய பனிபோல் ஒரு வெண்மை படரும்.

அன்று மாலையே ஈரம் நீக்கும் மின்பெட்டி ஒன்றை வாங்கினார். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் பூஞ்சணம் வளராது. மிகவும் குறைத்தாலும் ஆகாது, லென்சுக்குள் இருக்கும் மசகும் ரப்பரும் காய்ந்துவிடும். பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், காற்றுப் புகாத உணவு டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, சிறிய ஈரமானி ஒன்றையும் வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விட மலிவான வழி, லென்சை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பது. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கைவிளக்கை அதன் பின்புறமிருந்து அடித்து, முன்னால் பார்க்கட்டும். இழை இருந்தால் தெரிந்துவிடும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு தொல்லை. குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும். தைப்பூசத்தன்று காலை, குளிர்ந்த காரிலிருந்து இறங்கி முதல் கால் மணி நேரக் காவடிகளைப் பனிமூட்டத்தில் தவறவிட்டவர்கள் பலர். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே எடுத்துவந்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் நீர் பையின் மேல்தான் படியும்.

மறுபடி ஐம்பது

2014ல் டி750 வந்தது. அவருடைய மூன்றாவது கேமரா. அதன் உணரி படச்சுருளின் அளவு கொண்டது. அதனால் 75 போல் நடித்துக்கொண்டிருந்த லென்ஸ் மறுபடி 50 ஆனது. ஒளியளவியும் இதில் வேலை செய்தது. பிறகு கண்ணாடி இல்லாக் கேமராக்களின் காலம். 2018ல் நிக்கானே தன் வளையத்தை மாற்றியது, ஆனாலும் இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டால் பழைய லென்ஸ் பொருந்தும். 2020ல் அவர் வாங்கிய இஸட்5 கேமராவில் கண்ணோக்கிக்குள் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருப்பதால், கையால் குவியம் பிடிப்பது எப்போதையும்விட எளிதானது. உணரியே அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. பத்தில் ஒரு விநாடியிலும் சுவர் தெளிவாக வரும். ஆனால் தட்டு மாற்றும் கை அன்றும் கலையும், இன்றும் கலையும். அசையும் மனிதரை நிறுத்திப் பிடிக்கப் போதிய ஒளி வேண்டும்.

கைத்தொலைபேசியே போதாதா என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில், பெரும்பாலோர்க்குப் போதும் என்பதே. இரவுக் காட்சியைப் பல படங்களாக எடுத்துச் சேர்க்கும் இன்றைய தொலைபேசிகள், அவருடைய டி70 கனவிலும் காணாத வேலையைச் செய்கின்றன. கேமரா வாங்கத்தான் வேண்டும் என்று வருபவர்களிடம் பணத்தில் பாதியை லென்சுக்கு ஒதுக்கச் சொல்கிறார். பழைய கேமரா உடலும் 1.8 எண் கொண்ட ஒரு 50 மில்லிமீட்டர் லென்சும் சேர்ந்தாலே வீட்டு விசேஷங்களுக்குத் தாராளம்.

தொட்டிலில் கிடந்த மகள் 2023ல் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. தோழிகளைப் பார்த்து அவருக்கும் படச்சுருள் ஆசை வந்துவிட்டது. தாத்தாவின் நிக்கான் எஃப்எம்மைக் கேட்டு வாங்கினார். மின்கலம் தீர்ந்திருந்தும் அது 'கிளிக்' என்று இயங்கியது. அதன் திரை முழுக்க இயந்திர விசையால் ஓடுவது, மின்கலம் ஒளியளவிக்கு மட்டும்தான். ஈரம் நீக்கும் பெட்டியிலிருந்து லென்சை எடுத்து அப்பாவே பொருத்திக் கொடுத்தார். ஒரு வாரம் காத்திருந்து வாங்கிவந்த முதல் சுருளின் படங்களில், பாட்டி விளக்கேற்றும் படம் மட்டும் லேசாக வெளுத்திருந்தது. "அப்பா, இந்த இடத்துல மட்டும் ஏன் புகை மாதிரி இருக்கு?" என்றார் மகள். அவர் லென்சைக் கழற்றி, கைவிளக்கைப் பின்னால் பிடித்து, அந்தத் தழும்பைக் காட்டினார்.