கால் துடிக்கிறது, மூளை கேட்கிறது

வீட்டுக்கு வந்திருக்கும் நாய்க்குட்டி தூக்கத்தில் வெடுக்கு வெடுக்கென்று காலை உதறுகிறது, வலிப்பாக இருக்குமோ என்று கேட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உடல் முழுதும் விறைத்து, கூப்பிட்டும் தெளியாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். மீசை, காது, பாதம் என்று அங்கங்கே துடிப்பது குட்டிகளுக்கு இயல்பு.

கனவில் எதையோ துரத்துகிறது என்போம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் பிளம்பெர்க் குழுவினர் எலிக்குட்டிகளிடம் கண்டது வேறு. மேல்மூளையோடு தொடர்பைத் துண்டித்த பிறகும் துடிப்பு நிற்கவில்லை. அதைக் கிளப்புவது மூளைத்தண்டு. முதலில் கால் துடிக்கிறது, பிறகுதான் செய்தி மேலே போய் மூளையின் மேலடுக்கான புறணியில் ஒரு சிறு அலைக்கொத்தை எழுப்புகிறது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அடுத்த விஷயம். பிறந்து ஒரு வாரமான எலிக்குட்டி விழித்திருக்கும்போது அதே காலை எவ்வளவு உதைத்தாலும் புறணி ஏறக்குறைய பேசாமல் இருக்கிறது. தூக்கத்தில் சின்னத் துடிப்பு போதும், பதில் வந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் வகுப்பே அடங்கிய பிறகுதான் வாத்தியார் பெயர் கூப்பிடுவார்; ஒவ்வொரு ‘உள்ளேன் ஐயா’வும் அப்போது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரியும். உறங்கும் குட்டியின் மூளையும் தன் உடம்பை ஒவ்வோர் உறுப்பாக அப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

எலிக்குட்டி பிறந்த 12ஆம் நாள் வாக்கில் இந்தத் துடிப்புத் தூக்கத்தில் தீட்டா என்னும் மூளை அலை எழுந்து, அசைவை நடத்தும் பகுதியையும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸையும் ஒரே தாளத்தில் சேர்க்கிறது. ஆழ்தூக்கத்தின் டெல்டா அலை தலைகாட்டுவதும் ஏறத்தாழ அப்போதுதான். ஆனாலும் 17 நாள் எலிக்குட்டி கற்றதைச் சீக்கிரம் மறந்துவிடும். 24 நாள் குட்டி நெடுநாள் வைத்திருக்கும். நடந்த பாதையை ஹிப்போகேம்பஸ் உறக்கத்தில் மறுபடி ஓட்டிப்பார்க்கும் திறன் முதிர்வதும் இந்த நாட்களில்தான் என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

எலிக்குட்டியைப் போல நாய்க்குட்டியும் கண்மூடிப் பிறப்பதுதான். முதல் வாரங்களைப் பெரும்பாலும் தூங்கியே கழிக்கிறது. அந்தத் தூக்கத்தைத்தான் நாம் கெடுக்கிறோம். படம் எடுக்க எழுப்புகிறோம், விருந்தாளி வந்தால் மடிக்கு மடி மாற்றுகிறோம். பால்குடி மறக்காததைக்கூட அட்டைப்பெட்டியில் வைத்துச் சந்தையில் விற்கிறார்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. வாங்கப் போகிறவர்கள் விலை பேசுமுன் பிறந்த தேதியைக் கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள்.