விளைச்சல் இருந்தும் ஊர் காலியாவது ஏன்? - ஹவாய் தீவுகள் கண்ட அனுபவம்

மகசூல் கூடினால் விவசாயி ஊரிலேயே நிலைத்து விடுவான் என்று பொதுவாகச் சொல்லி வருகிறோம். விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் கூட்டந்தோறும் எடுத்துச் சொல்வதும் இதைத்தான். ஆனால் ஏக்கருக்கு மிக அதிகமாகச் சர்க்கரை எடுத்துக் காட்டிய ஓர் இடத்தில் இன்று ஒரு பெரிய சர்க்கரை ஆலைகூட ஓடவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் ஏராளமானோர் கடல் கடந்து போய்க் குடியேறி விட்டார்கள். அந்த இடம் அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் ஆகும்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தள்ளி இந்தத் தீவுகள் உள்ளன. மொத்த நிலப்பரப்பு தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்குதான். 2020-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 14½ லட்சம். 1959-இல் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. நம் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1970-களில் தீவன மரமாக நம் ஊர்களுக்கு வந்த சவுண்டல் என்னும் சூபாபுல்லில் 'ஹவாய் ஜயண்ட்' என்ற ரகத்தை நட்டவர்கள் பலர் இருப்பார்கள். அது அங்கிருந்து வந்ததுதான்.

கரும்பு போன கதை

ஹவாயில் வணிக முறைக் கரும்புச் சாகுபடி 1835-இல் கவாய் தீவின் கொலோவா என்ற ஊரில் தொடங்கியது. சீனா, ஜப்பான், போர்ச்சுகல், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். இன்றைய ஹவாய் மக்களில் பெரும்பகுதியினர் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகளே.

நம் ஊரில் கரும்பு 10 முதல் 12 மாதப் பயிர். அங்கே ஏறக்குறைய 24 மாதம் வயலில் விட்டு வெட்டினார்கள். அப்படி வெட்டிய பயிரில் ஏக்கருக்கு 10 டன்னுக்கு மேல் சர்க்கரை கிடைத்தது. கரும்பு அல்ல, சர்க்கரை! நாம் சொட்டு நீர்ப்பாசனம் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே, 1970-களில், ஆயிரக்கணக்கான ஏக்கர் கரும்புக்கு அங்கே சொட்டுக் குழாய் போட்டு விட்டார்கள். ரகம், உரம், நீர், இயந்திரம் எதிலும் குறை சொல்ல முடியாது.

இருந்தும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹாமாகுவா கரையோரத்தில் 1994-இல், ஓவாஹு தீவில் 1995, 1996-இல், மாவி தீவின் லஹைனாவில் 1999-இல் என்று வரிசையாகப் போயின. கடைசியாக மிஞ்சியிருந்த புவுனேனே ஆலை 2016 டிசம்பரில் கடைசிக் கரும்பை அரைத்தது. 36,000 ஏக்கர் கரும்பு நிலம் ஒரே நாளில் கரும்பு நிலம் அல்லாமற் போயிற்று. அன்னாசியும் அதே வழியில் போனது. லானாய் என்ற தீவை 1922-இல் ஜேம்ஸ் டோல் அன்னாசிக்காகவே விலைக்கு வாங்கினார். 1992-இல் அங்கே அன்னாசிச் சாகுபடி நின்றது. 2012-இல் அத்தீவின் நிலத்தில் நூற்றுக்கு 98 பங்கை லாரி எல்லிசன் என்ற கணினித் துறைச் செல்வந்தர் வாங்கினார். தோட்டத்தில் அன்னாசி ஒடித்த குடும்பங்கள் விடுதியில் படுக்கை விரிக்கப் போயின.

கூலி உயர்ந்ததுதான் ஆலைகள் மூடியதற்குக் காரணம் என்று சிலர் சொல்வது உண்டு. 1946-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்திற்குப் பின் தோட்டத் தொழிலாளரின் ஊதியமும் மருத்துவ வசதியும் உயர்ந்தது உண்மையே. ஆனால் முழுக் காரணத்தையும் தொழிலாளி தலையில் கட்டுவது நியாயமன்று. லஹைனா ஆலைக்குரிய கடலோர நிலத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே காஅனபலி என்ற உல்லாச விடுதி நகரம் எழுந்தது. ஒரு ஏக்கரில் கரும்பு வைத்தால் கிடைக்கும் வருமானத்தையும், அதே ஏக்கரில் விடுதி கட்டினால் கிடைக்கும் வருமானத்தையும் நிலக் கம்பெனிகள் அருகருகே வைத்துப் பார்த்தன. அந்தக் கணக்கில் எந்தப் பயிரும் ஜெயிக்க முடியாது. நிலத்தின் விலையை விளைச்சல் தீர்மானிக்காமல் வேறொன்று தீர்மானிக்கத் தொடங்கினால், விவசாயம் அன்றே கிளம்ப ஆரம்பித்து விடுகிறது என்பது என் கருத்து.

வயலில் நின்ற புல்

கைவிடப்பட்ட கரும்பு நிலத்தில் என்ன முளைத்தது? கினியா புல்லும் கொழுக்கட்டைப் புல்லும்! நாம் கறவை மாட்டுக்கு வரப்பில் நட்டு வளர்க்கும் அதே புற்கள்தாம். வெட்டியும் மேய்த்தும் வந்தால் அவை நல்ல தீவனம். கேட்பாரின்றி விட்டால் மழையில் ஆள் உயரம் வளர்ந்து, கோடையில் காய்ந்து சருகாகி நிற்கும். 2023 ஆகஸ்டு 8-ஆம் நாள் பலத்த காற்றில் மின்கம்பி அறுந்து பற்றிய தீ, இந்தக் காய்ந்த புல் வழியே லஹைனா நகருக்குள் புகுந்தது. 102 பேர் மாண்டனர். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வீடிழந்தவர்களில் பலர் வாடகை கட்டுப்படியாகாமல் தீவை விட்டே வெளியேற நேர்ந்தது. தரிசு நிலம் சும்மா கிடக்கிறது என்று சொல்கிறோமே, அது சும்மா கிடப்பதில்லை.

எல்லாம் விலை

ஹவாயில் உண்ணும் உணவில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வெளியிலிருந்து வருவதாகக் கணிக்கப்படுகிறது. அரிசி, பால், முட்டை, இறைச்சி எல்லாம் கப்பலில் வர வேண்டும். 1920-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டதாகவும் அமெரிக்கக் கொடியுடையதாகவும் இருக்க வேண்டும். அத்தகைய கப்பல்கள் குறைவு, வாடகை அதிகம். மின்சாரம் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயை எரித்து எடுக்கப்படுவதால் அமெரிக்காவிலேயே அங்குதான் மின் கட்டணம் மிக அதிகம். கடையில் வாங்கும் அரிசிக்கும் காய்கறிக்கும்கூட மாநில வரி உண்டு.

இவற்றைவிடப் பெரியது வீட்டு விலை. ஓவாஹு தீவில் தனி வீட்டின் நடுத்தர விலை 2021-இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்குச் சில வாரங்கள் தங்கிப் போகும் வெளியூர்ப் பணக்காரரோடு ஆசிரியரும் செவிலியரும் பண்ணைத் தொழிலாளியும் போட்டி போட்டு வீடு வாங்க வேண்டிய நிலை. விவசாய நிலம் என்று வகுக்கப்பட்ட இடத்திலும் நான்கு பழமரங்களை நட்டுவிட்டு மாளிகை கட்டிக் கொள்பவர்கள் உண்டு. காகிதத்தில் அது பண்ணை. 2017-இல் 7,328-ஆக இருந்த பண்ணைகளின் எண்ணிக்கை 2022-இல் 6,569-ஆகக் குறைந்து விட்டது.

ஒன்பதாவது தீவு

ஹவாயில் முக்கியமான தீவுகள் எட்டு. அந்த ஊர்க்காரர்கள் ஒன்பதாவது தீவு என்று ஒன்றைச் சொல்வார்கள். அது நெவாடா மாநிலப் பாலைவனத்தில் உள்ள லாஸ் வேகாஸ் நகரம்! கேலியாகத் தொடங்கிய பெயர் நிலைத்து விட்டது. 1975-இல் அங்கே திறக்கப்பட்ட ஒரு விடுதி, ஹவாய்ப் பயணிகளைக் குறிவைத்து அவர்களுடைய சோறும் சாறும் சமைத்துப் போட்டது. விடுமுறைக்குப் போனவர்கள் வீட்டு விலையை விசாரித்தார்கள். ஹவாயில் ஒரு சிறு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆகும் பணத்தில் அங்கே முற்றத்தோடு தனி வீடு கிடைத்தது. நெவாடாவில் மாநில வருமான வரியும் இல்லை. அண்ணன் போனான், பின்னால் தங்கை குடும்பம் போயிற்று, பிறகு பெற்றோர் போனார்கள். நம் ஊரிலிருந்து திருப்பூருக்குப் போன குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020 கணக்கெடுப்பில் ஒரு செய்தி தெரிய வந்தது. ஹவாயின் பூர்வகுடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 53 பேர், இப்போது ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1921 முதல் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டு, பாதியளவாவது பூர்வகுடி இரத்தம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகையில் 99 ஆண்டுகளுக்கு மனை அல்லது விளைநிலம் தரப்படுகிறது. நல்ல சட்டம். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் 28,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. முறை வருமுன் காலமானவர்களும் உண்டு. ஒதுக்கிய நிலத்தில் பெரும்பகுதி சாலையோ தண்ணீரோ இல்லாத எரிமலைப் பாறைச் சரிவு. தண்ணீர் இல்லாத பட்டாவின் மதிப்பு நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வருபவர்கள்

போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவும் செய்கிறார்கள். வயதான தாய் தந்தையரைப் பார்க்க வேண்டியிருப்பது முதல் காரணம். லாஸ் வேகாஸில் கோடையில் 45 டிகிரி வெயில், பக்கத்தில் கடல் இல்லை, பெரிய குடும்பம் இல்லை என்பது அடுத்தது. 1974-இல் வந்த சட்டத்தால், ஹவாயில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு தர வேண்டும். இதுவும் சிலருக்குக் கணக்கில் வருகிறது. ஆனால் திரும்பி வந்து நிலைப்பவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் குடும்பத்தின் பெயரில் ஏற்கனவே ஒரு வீடோ துண்டு நிலமோ இருக்கும். விற்றுவிட்டுப் போனவர்களால் மீண்டும் வாங்க முடிவதில்லை. நிலத்தை விற்றுப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவதற்கும், குத்தகைக்கு விட்டு அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இருபது ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது.

நிலம் மட்டும் போதுமா? தண்ணீரும் வேண்டும். ஹவாய் மக்களின் ஆதி உணவு சேம்பு. கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கி உண்பார்கள். நாம் நெல்லுக்குச் செய்வது போல வரப்பு கட்டி, ஓடும் தண்ணீரில் சேம்பு பயிரிடுவது அவர்கள் வழக்கம். நீர் குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கி வெதுவெதுப்பானால் கிழங்கு அழுகிவிடும். கரும்புத் தோட்டங்கள் மலையைக் குடைந்து ஆற்று நீரைத் திருப்பியதும் சேம்பு வயல்கள் காய்ந்தன, அந்த ஊர்களின் பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். ஓவாஹு தீவின் வையாஹோலே கால்வாய் அப்படி 1916-இல் முடிக்கப்பட்டது. 1995-இல் கரும்பு ஆலை மூடியதும், திருப்பிய தண்ணீரை ஆற்றுக்கே விடுங்கள் என்று சேம்பு விவசாயிகள் வழக்காடினர். தண்ணீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்று 2000-ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிழக்கு மாவியிலும் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018-இல் பல ஓடைகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட ஆணை பிறந்தது. தண்ணீர் வந்த இடங்களில் பழைய வரப்புகளை மண் அணைத்து எடுத்துச் சிலர் மீண்டும் சேம்பு நடுகிறார்கள்.

வையானை பகுதியில் 2001-இல் தொடங்கப்பட்ட மாவோ இயற்கைப் பண்ணை வேறொரு வழி கண்டது. இளைஞர்கள் வாரத்தில் சில நாட்கள் காய்கறி வயலில் வேலை செய்கிறார்கள். அதற்கு உதவித் தொகையும் கல்லூரிக் கட்டணமும் பண்ணையே தருகிறது. படிப்பா விவசாயமா என்று பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தாத ஏற்பாடு. நம் கூட்டுறவுச் சங்கங்கள் இதை யோசிக்கலாம்.

பப்பாளி காப்பாற்றிய கிராமங்கள்

ஓவாஹுவில் வளையப்புள்ளி நச்சுயிரி நோயால் பப்பாளி அழிந்தபோது, சாகுபடி பெரிய தீவின் புனா பகுதிக்கு நகர்ந்தது. 1992-இல் நோய் அங்கும் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் உற்பத்தி ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. தோட்டத்தை வெட்டிவிட்டு வேலை தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை. டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற நோயியல் விஞ்ஞானி அப்போது நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஹவாயில் கோஹாலா கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். அவரது குழு மரபணு மாற்ற முறையில் உருவாக்கிய எதிர்ப்புத் திறன் கொண்ட ரகம் 'ரெயின்போ' என்ற பெயரில் 1998-இல் விவசாயிகளுக்கு வந்தது. தொடக்கத்தில் விதையை இலவசமாகவே கொடுத்தார்கள். புனா தோட்டங்கள் பிழைத்தன. ஜப்பான் அந்தப் பழத்தை ஏற்க 2011 வரை ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொன்சால்வஸ் 2002-இல் ஊர் திரும்பி ஹிலோ நகரிலுள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி மையத்தின் தலைவராகப் பணியாற்றினார்.

நம் நாட்டில் மரபணு மாற்றிய பப்பாளி சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. ஆகவே இதே நோய் கண்ட நம் விவசாய அன்பர்கள் தடுப்பு முறைகளையே நம்ப வேண்டும். நாற்றுகளை வலைக்கூடாரத்துக்குள் வளர்க்க வேண்டும். நடவுக்கு முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைத்து அசுவினி பறந்து வருவதைத் தடுக்க வேண்டும். பூசணி, பீர்க்கை வகைகளைப் பக்கத்தில் போடலாகாது. இலையில் தேமலும் தண்டில் எண்ணெய்க் கீற்றுப் போன்ற கோடுகளும் கண்ட கன்றை, காய்க்கும்வரை பார்ப்போம் என்று விட்டு வைக்காமல், அன்றே வேரோடு பிடுங்கிப் புதைத்து விட வேண்டும்.