வந்தியத்தேவனுக்குப் பிறகு யார்?

அடுத்த புத்தகம் – 7

மணிரத்னத்தின் இரண்டு படங்களும் 2022-லும் 2023-லும் வெளியான பிறகு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்கிப் படித்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு அதுவே முதல் தமிழ் நாவல். படித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து என்ன? கிடைக்கிற பதிலும் அநேகமாக ஒன்றுதான். சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு, அப்புறம் சாண்டில்யன். அது தப்பான பதில் இல்லை. ஆனால் அந்த வழியே போகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாவது நாவலிலோ நான்காவது நாவலிலோ சலித்துப்போகிறார்கள். மறுபடியும் ஒரு சுரங்கப்பாதை, மறுபடியும் ஒரு மாறுவேடம், மறுபடியும் நிலா வெளிச்சத்தில் ஓர் இளவரசி. சரித்திரக் கதை என்றாலே இவ்வளவுதான் என்று முடிவுகட்டி விலகிவிடுகிறார்கள். தமிழின் ஆகச் சிறந்த சரித்திர நாவல்கள் அதற்கு அடுத்த அலமாரியில் இருக்கின்றன. அதுவரை போகாமல் திரும்பிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அடுத்த நாவலைத் தேடும்போது எந்த வம்சம், எந்த ராஜா என்று நான் பார்ப்பதில்லை. எழுதியவர் கையில் என்ன ஆதாரம் இருந்தது என்று பார்ப்பேன். கல்வெட்டா, நாட்குறிப்பா, கச்சேரித் தஸ்தாவேஜா, ஊர்ப் பெரியவர் சொன்ன கதையா, அல்லது தானே நின்று பார்த்ததா? கதை அரண்மனையில் நடக்குமா, தெருவில் நடக்குமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. முன்னுரையைப் படித்தாலே பல நாவல்களில் இது தெரிந்துவிடும். முன்னுரையைத் தாண்டிப் போகும் பழக்கம் உள்ளவர்கள் சரித்திர நாவலிலாவது அதை விட்டுவிட வேண்டும்.

கல்கியையே எடுத்துக்கொள்வோம். வந்தியத்தேவன் வரலாற்றில் எவ்வளவு பெரிய ஆள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவர் என்கிற முறையில் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று பெயர் வருகிறது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது. ஆதித்த கரிகாலன் கொலைக்கு ஆதாரம், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு. அது கொலையை விவரிப்பதற்காக வெட்டப்பட்டது இல்லை. நிலம் சம்பந்தப்பட்ட ஆவணம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலைத் துரோகிகளின் நிலங்களையும் அவர்களுடைய உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்ய வந்த ஆணையை அது சொல்கிறது. ரவிதாசன், சோமன் என்ற பெயர்கள் அதில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள், பின்னால் நின்றது யார் என்பதைக் கல் சொல்லவில்லை. உத்தம சோழர்மேல் நீலகண்ட சாஸ்திரிக்குச் சந்தேகம் இருந்தது. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் வழக்காடிய அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய மேதைமை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு 1950 முதல் 1954 வரை வாரா வாரம் ஒரு நாட்டையே காத்திருக்க வைத்தார்.

கல்வெட்டு யாரைப் பற்றிப் பேசும்? தானம் கொடுத்தவரையும் ஆணையிட்டவரையும் வென்றவரையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசும். அதை நம்பி எழுதும் நாவலும் அரண்மனை வாசலிலேயே சுற்றிவருவது இயல்பு.

அரண்மனையே போதும், இன்னும் கொஞ்சம் அங்கேயே இருக்கிறேன் என்பவர்களுக்குத் தடையில்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் ‘யவன ராணி’யும் வேகத்துக்குப் பேர்போனவை, கடலும் கப்பலும் பிடித்தவர்கள் கண்டிப்பாகப் படிக்கலாம். ராஜேந்திர சோழன் காலத்தில் நடக்கும் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் இந்த வரிசையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால், என் ஓட்டு அரு. ராமநாதனின் ‘வீரபாண்டியன் மனைவி’க்கு. மூன்றாம் குலோத்துங்கன் காலம். வாள் சண்டையைவிட வாதச் சண்டை அதிகம். அரசு என்பது எதற்காக, அதிகாரத்தைக் காப்பாற்றச் செய்யும் தந்திரத்துக்கு எல்லை உண்டா என்று பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் பக்கங்கள் இன்றைக்கும் சூடு ஆறாதவை. இவ்வளவு நல்ல நாவலின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு தலைமுறை சோழர் கதை படிக்கிறது.

அதே கல்வெட்டுகளை வேறு கண்ணோடும் பார்க்க முடியும். பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி மட்டுமா இருக்கிறது? தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேரின் பெயர்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது உட்பட வெட்டப்பட்டிருக்கின்றன. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. பாலகுமாரன் ‘உடையார்’ ஆறு பாகங்களில் அந்தத் தச்சர்களையும் ஆடல் மகளிரையும் கல் இழுத்தவர்களையும் தேடிப் போனார். பேச்சு நீளும், பல இடங்களில் பாத்திரங்களை மீறி ஆசிரியரே பிரசங்கம் செய்வார். ஆனாலும் கோயில் கட்டுவது எத்தனை கைகளின் வேலை என்பதைத் தமிழ் நாவல் வாசகனுக்கு அவ்வளவு விரிவாகக் காட்டியவர் அவர்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்: புதுச்சேரி.

1736 செப்டம்பர் 6-ம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். வியாபாரி, பிறகு பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷ். 1761-ல் அவர் இறக்கும் தறுவாய் வரை, நடுவில் சில இடைவெளிகளோடு, அந்தக் குறிப்பு நீண்டது. எந்தக் கப்பல் துறைக்கு வந்தது, அதில் என்ன சரக்கு, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, கவர்னர் இன்று சிரித்த முகமா சிடுசிடுத்த முகமா, யார் யாருக்கு எவ்வளவு கைக்கூலி கொடுத்தார்கள், எந்தச் சாதிக்கும் எந்தச் சாதிக்கும் தெருவில் தகராறு என்று எல்லாமே அதில் உண்டு. அன்றைய பேச்சுத் தமிழில், கொச்சையும் பிறமொழிச் சொல்லும் கலந்து எழுதினார். அவருக்குப் பின் மறந்துபோயிருந்த அந்த ஏடுகளை 1846-ல் கலுவா மொம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904-லிருந்து 1928-க்குள் 12 தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

இந்தச் சுரங்கத்திலிருந்துதான் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் எடுத்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது. கல்வெட்டை நம்பிய நாவலுக்கும் நாட்குறிப்பை நம்பிய நாவலுக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டையும் கல்கிக்கு அடுத்து உடனே படித்தால் நேரடியாக உணரலாம். இங்கே நாயகன் கிடையாது. ஆட்களை மனிதச் சரக்காகக் கப்பலேற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், விற்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கடனில் மூழ்கிய குட்டி ராஜாக்கள் வெள்ளைக்காரனிடம் படை கேட்டு நிற்கிறார்கள். தாசிகள், துபாஷிகள், பாதிரிகள், குடியானவர்கள், எல்லோருக்கும் பேச்சு இருக்கிறது. 1742-ல் கவர்னராக வந்த தூப்ளேயும் அவர் மனைவி ழான் அம்மாளும் இரண்டாவது நாவலில் முழு உருவம் எடுக்கிறார்கள். 1748-ல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாட்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்ன பேசினார்கள், எவ்வளவு பேசினார்கள், எங்கே வாயை மூடிக்கொண்டார்கள் என்பதைப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். தன்னையும் சேர்த்துத்தான். ஒரு சமூகம் தன் கண்ணெதிரே நடப்பதைத் தடுக்க முடியாமல் நிற்கும் நிலையைப் பிரபஞ்சன் குற்றம்சாட்டாமல், அழவும் வைக்காமல் எழுதுகிறார். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கெட்டிக்கார மனிதனின் பயத்தை இவ்வளவு நுட்பமாக எழுதிய இன்னொரு தமிழ் சரித்திர நாவலை நான் படித்ததில்லை.

என் தம்பி மகள் ‘மானுடம் வெல்லும்’ வாங்கிப்போய், கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்டாள்: “பெரியப்பா, இதுல கதை எங்க ஆரம்பிக்குது?” நியாயமான கேள்வி. கல்கி முதல் அத்தியாயத்திலேயே வந்தியத்தேவனின் பின்னால் நம்மை ஓட வைக்கிறார். இங்கே ஓடுவதற்கு ஒரு குதிரை இல்லை. கதையைத் தேடாமல் ஊரைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். “ரெண்டு மூணு அத்தியாயம் யார் யாருன்னு மட்டும் கவனிச்சு வாம்மா, அவசரப்படாதே” என்றேன். இப்போது இரண்டாவது நாவலில் இருக்கிறாள்.

நாட்குறிப்புக்கு அடுத்து அரசாங்கக் காகிதம். கச்சேரியும் போலீசும் எழுதிவைத்ததை எழுதப்பட்டவர்களின் பக்கமிருந்து திருப்பிப் படிக்கும் நாவல்கள் நம்மிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் ஆறு நூற்றாண்டுக் கதை. முதல் பகுதியில் படையெடுப்புகளும் நாயக்கர் வரலாறும் வேகமாக ஓடும்போது சிலர் திணறுவார்கள், பொறுமையாகத் தாண்டிவிடுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் 1840-களில் கோட்டையை இடிக்கும் கட்டம் வரும். சுவரில் குடியிருந்த காவல் தெய்வங்களை என்ன செய்வது என்று ஊர் கலங்கும் அந்தப் பக்கங்களுக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம். மதுரைக்காரர்கள் தினமும் கடக்கும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களெல்லாம் அந்த இடிப்பு வேலை விட்டுப்போனவை. காவல் செய்து பிழைத்த தாதனூர்க்காரர்களைப் புதிய அரசாங்கம் எப்படிக் குற்றவாளிகள் ஆக்கியது என்பதுதான் நாவலின் முதுகெலும்பு.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ கரிசல் மண். ஆண்டிக் குடும்பனும் மாரி வண்ணானும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். அந்தச் சிநேகத்தில் தொடங்கி 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளை வரை போகிறது. வழக்குப் பதிவுகளையும் ஊர் வாய்மொழியையும் பூமணி ஒன்றாக வைத்துக்கொண்டு எழுதினார். பேச்சுவழக்கு கனமானது. சென்னையிலோ கோவையிலோ வளர்ந்தவர்கள் வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும்.

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’யில் நிலைமை இன்னும் கடினம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த சென்னை ஐஸ் ஹவுஸ். அங்கே பாரம் தூக்கிய தலித் தொழிலாளிகளின் வேலைநிறுத்தம். செத்தவர்களும் பாரம் தூக்கியவர்களும் எதையும் எழுதிவைக்கவில்லை. காகிதமும் பேனாவும் வெள்ளைக்கார அதிகாரிகளிடம் இருந்தன. எனவே கதையும் எய்டன் என்ற ஐரிஷ் போலீஸ் அதிகாரியின் கண் வழியாகவே நடக்கிறது. செங்கல்பட்டுச் சாலையில் அவன் பஞ்சத்தைப் பார்க்கப் போகும் பகுதியை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். என்னால் முடியவில்லை.

ஆதாரமே ஆசிரியரின் கண்ணும் காதும்தான் என்றால்? ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளவயதில் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். ஜப்பானியர் வந்ததையும் போனதையும் அங்கிருந்து பார்த்தவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல்தான் புத்தகமாக வந்தது. வட்டிக்கடைப் பையன்கள், சீனக் கடைத்தெரு, இந்திய தேசிய ராணுவம், நடுவே மதுரை வீதிகளின் ஞாபகம். போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குள் எழுதி வந்ததைச் சரித்திர நாவலாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம் என்பேன். தென்கிழக்காசியத் தமிழர்களின் யுத்தகால வாழ்க்கைக்கு நம் புனைவில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

மொழிபெயர்ப்பில் ஒன்று மட்டும். மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் கன்னட நாவல் ‘சிக்கவீர ராஜேந்திரன்’ தமிழிலும் வந்திருக்கிறது. 1834-ல் கும்பினியார் பறித்துக்கொண்ட குடகு அரசின் கடைசி நாட்கள். சிம்மாசனக் கதைதான், ஆனால் சிம்மாசனம் உள்ளிருந்தே எப்படி உளுத்துப்போகிறது என்று காட்டும் கதை. சோழர் அரண்மனையிலிருந்து புதுச்சேரித் தெருவுக்கு ஒரேயடியாக இறங்கத் தயங்குகிறவர்கள் நடுவில் இதைப் படிக்கலாம்.

வரிசை கேட்பவர்களுக்கு: ‘வீரபாண்டியன் மனைவி’, பிறகு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’, அதற்கப்புறம் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டு பெரிய புத்தகங்களையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்க முடியாதவர்கள் கிளை நூலகத்தில் கேளுங்கள்; விருது பெற்ற நாவல்கள் அநேகமாக இருக்கும். இல்லையென்றால் மாவட்ட மைய நூலகம்.

அடுத்த வாரம்: தமிழின் முதல் சரித்திர நாவலை எழுதியவர் சோழநாட்டுக்காரரோ பாண்டிநாட்டுக்காரரோ இல்லை, திருகோணமலைக்காரர். தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் 1895-ல் வந்த அவருடைய ‘மோகனாங்கி’யும்.