ஓரத்து மைதானங்கள் – 17: ராணுவத்துக் கேலரியும் ஒப்பந்தத்தில் ஒரு வரியும்

போன வாரம் எங்கே விட்டோம் என்பது நினைவிருக்கும். 1961 ஜனவரியில் ஜிம்மி ஹில் தலைமையில் இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டக்காரர் சங்கம் போராடி, வாரத்துக்கு 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பை உடைத்தது. ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் 100 பவுண்டு வாங்கத் தொடங்கினார். இந்த வாரம் லோன் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அங்கே போகிற வழியில், அக்ரிங்டன் ஊரில் ஒரு கேலரி குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை.

அக்ரிங்டன், இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் மாகாணத்து மில் ஊர். பருத்தி ஆலைகளும் செங்கல் சூளைகளும் வளர்த்த ஊர். மக்கள்தொகை சுமார் 35,000. ஒரு பக்கம் பிளாக்பர்ன், மறுபக்கம் பர்ன்லி. இரண்டுமே பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள். பர்ன்லி 1960-இல் இங்கிலாந்தின் லீக் சாம்பியன். அதே ஆண்டு பிளாக்பர்ன் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆடியது. இந்த இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் குடியிருந்தது அக்ரிங்டன் ஸ்டான்லி. சனிக்கிழமை மதியம் ஆலை விட்டு வருகிறவன் டிக்கெட் காசைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பஸ் ஏறுவான்? அந்தக் கிளப்பின் வரவு செலவு முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

1950-களின் நடுவில் அதற்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. மேனேஜர் வால்டர் கால்பிரெய்த் ஸ்காட்லாந்துக்காரர். ஆட்களையும் அங்கிருந்தே திரட்டினார். பதினொரு பேரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களாக ஓர் அணி, ஆங்கில லீக்கில் களமிறங்கியது இவர் காலத்தில்தான், 1955-இல். உள்ளூரில் ஆட்டக்காரன் வேண்டுமென்றால் பர்ன்லியோடும் பிளாக்பர்னோடும் மோத வேண்டும். அவர்கள் தேடாத இடத்தில் போய்த் தேடுவது மட்டுமே இவருக்கு இருந்த வழி. பணம் இல்லாத கிளப்புக்கு இன்றுவரை அதுதான் வழி. 1954–55-இலும் 1957–58-இலும் மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில் இரண்டாமிடம் பிடித்தார்கள். முதலிடத்துக்கு மட்டுமே மேலே போக இடம் இருந்த காலம் அது.

1958-இல் வடக்கு, தெற்கு என்ற பிரிவினை போய், நாடு முழுவதற்குமான மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் வந்தன. ஸ்டான்லி மூன்றாம் டிவிஷனுக்குத் தகுதி பெற்றது. அந்த ஆண்டுதான் கிளப் நிர்வாகம் அந்தக் கேலரியை வாங்கியது.

தெற்கே அல்டர்ஷாட் என்பது ராணுவ ஊர். அங்கே அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் டாட்டூ என்ற ராணுவக் காட்சி நடந்துவந்தது. பேண்டு வாத்தியம், தீவட்டி அணிவகுப்பு, பாவனைச் சண்டை எல்லாம் இருந்தன. 1930-களில் அதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்காகக் கட்டிய கேலரி ஒன்று விலைக்கு வந்தது. விலை 1,450 பவுண்டு. ஒரு பெரிய கேலரிக்கு அது அடிமாட்டு விலை. அக்ரிங்டன் நிர்வாகிகள் கை நீட்டிவிட்டார்கள்.

வாங்கியாயிற்று. அதைப் பிரித்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஏற்றிவந்து, தங்கள் பீல் பார்க் மைதானத்தில் அடித்தளம் போட்டு நிறுத்த வேண்டும். அதற்கான செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆனது. நிறுத்திப் பார்த்தால், அங்கே உட்கார்ந்து கால்பந்து பார்ப்பது வசதியாக இல்லை. அகன்ற மைதானத்தில் படை நடந்துபோவதைப் பார்க்க அமைத்த சாய்வு அது. ஆட்டமோ ஒரு மூலையில் இரண்டடி இடத்துக்குள் மூன்று பேர் பந்துக்கு முட்டிக்கொள்வது.

இந்தக் கேலரி இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. அந்த நிர்வாகிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளூரில் கடை வைத்திருந்தவர்களும் சிறு தொழில் நடத்தியவர்களும்தான் அப்படிப்பட்ட கிளப்புகளின் நிர்வாகத்தில் இருந்தார்கள். ஊருக்குப் பெரிய டிவிஷன் வந்துவிட்டது, அதற்கேற்ற மைதானம் வேண்டும் என்று ஆசைப்பட்டது இயல்பு. ஆனால் கணக்கு வேறு மாதிரிப் போனது. முன்பு வடக்குக்குள்ளேயே சுற்றிவந்த அணி, இனி தெற்குக் கடற்கரை வரை பயணம் போக வேண்டும், செலவு கூடியது. கூட்டம் குறைந்தது. 1960-இல் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். கேலரிக்குப் போன பணத்தில் அன்றைய நிலவரத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலரையாவது வாங்கியிருக்க முடியும்; அவர்களை நாளைக்கு விற்கவும் முடியும். யாரும் உட்காராத கேலரியை யாரிடம் விற்பது?

1962 தொடங்கியபோது கடன் 60,000 பவுண்டு அளவில் இருந்தது. அதில் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய டிரான்ஸ்ஃபர் பாக்கியும் அடக்கம். உதவிக்கு அழைக்கப்பட்டவர் பர்ன்லி தலைவர் பாப் லார்ட். இறைச்சி வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர், கணக்கில் கறார். எந்தக் கிளப் சனிக்கிழமைக் கூட்டத்தை இழுத்துக்கொண்டதோ, அதே கிளப்பின் தலைவர் வந்து புத்தகத்தைப் புரட்டினார். இனித் தேறாது என்றார். மார்ச் 2 அன்று க்ரூ அணியிடம் 4–0 என்று தோற்றார்கள். சில நாட்களில் லீக்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் போயிற்று. அதன்பிறகு பணம் தருகிறோம் என்று ஆள் வந்தபோது, கடிதத்தைத் திரும்பப் பெறக் கெஞ்சினார்கள். லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் தரப்பு மறுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் ஆடியிருந்த 33 ஆட்டங்களும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. காலியான இடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் வந்தது.

உச்சவரம்பு உடைந்து பதினான்கு மாதத்தில் ஒரு கிளப் விழுந்தது என்று இரண்டையும் முடிச்சுப்போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடன் அதற்கு முன்பே ஏறியிருந்தது. ஆனால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரன் அடைந்த ஒவ்வொரு உரிமையும் நியாயமானது. 1963-இல் நியூகாசிலுக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளைப் பிடித்துவைக்கிற முறை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் நியாயம். 1995 டிசம்பரில் பாஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவன் கட்டணமில்லாமல் போகலாம் என்றதும் நியாயம். இந்த நியாயங்களுக்கெல்லாம் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுக்கும் வசதி பெரிய கிளப்புகளுக்கு இருந்தது. அவர்கள் செய்தது நேர் எதிர். 1983 வரை லீக் ஆட்டத்தின் வாசல் வசூலில் வந்தாடும் அணிக்கும் பங்கு இருந்தது, அதை நிறுத்தினார்கள். 1992-இல் தொலைக்காட்சிப் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள பிரீமியர் லீக் என்று தனியே பிரிந்தார்கள். பிறகு 2002–03-இல், குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே ஆள் வாங்கி விற்கலாம் என்ற டிரான்ஸ்ஃபர் ஜன்னல் வந்தது. அதற்கு முன், சம்பளத்துக்குப் பணம் இல்லாத நவம்பர் மாதத்தில் ஒரு சின்ன கிளப் தன் நல்ல ஸ்ட்ரைக்கரை விற்றுத் தப்பிக்கலாம். அந்த வாசலும் அடைபட்டது. பெரிய கிளப்பின் பேராசைக்கான பில்லைச் சின்ன கிளப் கட்டுகிறது என்பதுதான் இத்தனை வாரமாக நான் சொல்லிவருவது.

சரி, அக்ரிங்டனுக்கே வருகிறேன். 1968-இல் ஊர்க்காரர்கள் அதே பெயரில் புதுக் கிளப் தொடங்கினார்கள். கிரவுன் கிரவுண்டு என்ற சின்ன மைதானம், அடிமட்ட லீக்குகள். பல ஆண்டுகள் அப்படியே போயின. 1980-களின் கடைசியில் வந்த பால் விளம்பரம் ஒன்று, யாருக்கும் தெரியாத அணிக்கு உதாரணமாக இதன் பெயரை நாடு முழுவதும் பரப்பியது.

அந்த அணியில் பிரெட் ஆர்மரோட் என்ற ஸ்ட்ரைக்கர் இருந்தார். பிளாக்பர்னில் பிறந்தவர். 1997-இல் பிளாக்பூல் அவரை 50,000 பவுண்டுக்கு வாங்கியது. ஸ்டான்லி நிர்வாகம் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தது: நாளைக்கு நீங்கள் அவரை விற்றால், வருவதில் எங்களுக்கும் பங்கு. நம்மூரில் கன்றை வாரத்துக்கு விடுவதைப் போன்ற ஏற்பாடு. வளர்ப்பது ஒருவர், விற்கும்போது பங்கு இருவருக்கும். 2001 டிசம்பரில் பிளாக்பூல் அவரை சவுத்தாம்ப்டனுக்கு 17.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அக்ரிங்டனுக்குப் பல லட்சம் பவுண்டு வந்து சேர்ந்தது. ஒரு ஐந்தாறாம் தட்டுக் கிளப்புக்கு அது எப்படிப்பட்ட தொகை என்று யோசியுங்கள். 2002–03-இல் நார்தர்ன் பிரீமியர் லீக் பட்டம். 2006-இல் கான்ஃபரன்ஸ் பட்டம். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி என்ற பெயர் மறுபடி லீக்கில். அந்த ஆண்டு லீக்கிலிருந்து கீழே இறங்கிய அணிகளில் ஒன்று எது தெரியுமா? 1962-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்.

ஆர்மரோடும் நன்றாகவே போனார். 2003 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலுக்கு எதிராக ஆடினார். 2010 மே மாதம் வெம்ப்ளியில் அவர் போட்ட கோல்தான் பிளாக்பூலை பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனது.

அக்ரிங்டனின் ஏற்றத்தை நடத்திய மேனேஜர் ஜான் கோல்மன், லிவர்பூல் பக்கத்துக்காரர், முன்னாள் பள்ளி ஆசிரியர். அடிமட்ட லீக்குகளில் தான் ஆடிய காலத்தில் கண்ணால் பார்த்தவர்களை நம்பினார். ராட்கிளிஃப் பரோவிலிருந்து அவர் கூட்டிவந்த பால் மல்லின், கிளப்பின் மறக்க முடியாத ஸ்ட்ரைக்கர் ஆனார். இதே பெயரில் இன்னொருவர் உண்டு, வேறு ஆள். 2020–21-இல் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டுக்காக 32 லீக் கோல் போட்டு அவர்களை மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றினார். ஏற்றிவிட்ட கையோடு, இரண்டு தட்டு கீழே ஐந்தாம் டிவிஷனில் இருந்த ரெக்ஸம் அணிக்குப் போனார். ஹாலிவுட் நடிகர்கள் இருவர் வாங்கிய கிளப் அது. மேலே ஏறுவதே ஆட்டக்காரனைத் தக்கவைக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. குடும்பம் நடத்துகிற மனிதர் நல்ல சம்பளத்துக்குப் போகிறார். மல்லினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜுக்கு நேர்ந்தது மட்டும் என் மனதை உறுத்துகிறது.

ஸ்டான்லிக்கும் கஷ்டம் ஓயவில்லை. 2009-இல் மூன்று லட்சம் பவுண்டு வரிப் பாக்கிக்காகக் கலைக்கப்படும் நிலைக்குப் போய் மீண்டது. 2015-இல் உள்ளூர் தொழிலதிபர் ஆண்டி ஹோல்ட் வாங்கினார். 2018-இல் நான்காம் டிவிஷன் சாம்பியன். அந்தப் பருவத்தில் சராசரிக் கூட்டம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. அடுத்த ஐந்து பருவம் மூன்றாம் டிவிஷன். எதிரே சண்டர்லாந்து வந்து நின்றது. அவர்கள் மைதானத்தில் முப்பதாயிரம் பேர். அந்த வித்தியாசத்தைச் சம்பளத்தால் நிரப்ப முடியாது. ஆகவே பெரிய அகாடமிகள் கைவிட்ட பையன்களைக் கூட்டிவந்து, “இங்கே ஆடு, தினமும் ஆடு, உன்னைப் பார்க்க ஆள் வருவார்கள்” என்று சொல்வதுதான் இப்படிப்பட்ட கிளப்பின் சம்பளம். நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஈழத் தமிழ்க் குடும்பத்தில் வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் அகாடமியில் பயின்றவர். தொழில்முறை ஆட்டக்காரராக 2024 ஆகஸ்டில் அவருக்குக் களம் கொடுத்தது மூன்றாம் டிவிஷனில் இருந்த பார்ன்ஸ்லி.

2020 ஆகஸ்டில் கீழ் டிவிஷன் கிளப்புகள் தாங்களே வாக்களித்துச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தன: மூன்றாம் டிவிஷனுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு, நான்காம் டிவிஷனுக்கு 15 லட்சம். 1961-இல் ஜிம்மி ஹில் நடத்திய அதே சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அது ரத்தானது. சங்கம் தன் கடமையைச் செய்தது. நான் கேட்பது வேறு: ஆட்டக்காரனின் சம்பளத்தைக் குறைக்காமல் கிளப்புகளுக்கு நடுவே பணத்தைப் பகிர 1983 வரை ஒரு வழி இருந்ததே, அதை ஏன் யாரும் திரும்ப எடுப்பதில்லை?

லோன் விஷயத்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் 2011 ஜனவரியில் தொடங்குவோம்: பதினேழு வயதில் டாட்டன்ஹாமிலிருந்து மூன்றாம் டிவிஷன் லேட்டன் ஓரியன்ட்டுக்கு லோனில் அனுப்பப்பட்ட ஹாரி கேன், அங்கே ஐந்து கோல் போட்டுவிட்டுத் திரும்பினார். அவர் கிளம்பிப் போனபின் ஓரியன்ட் கையில் என்ன மிஞ்சியது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)