திராட்சைக் கொடியும் லாந்தர்ப் பூச்சியும்

1784ஆம் ஆண்டில் வில்லியம் ஹாமில்டன் என்ற செல்வந்தர், பிலடெல்பியாவிலிருந்த தம் உத்தியானவனத்திற்கு அழகு சேர்க்குமென்று தருவித்து நட்ட சீனத்து மரம், 'சுவர்க்க மரம்' என்னும் பெயருடன் அமெரிக்காவின் சாலையோரங்களிலெல்லாம் பரவி நின்றிருக்க, அம்மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும் சீனத்துப் பூச்சி 230 ஆண்டுகள் கழித்து, 2014 செப்டம்பரில், அதே பென்சில்வேனியா மாகாணத்தின் பெர்க்ஸ் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. புள்ளி லாந்தர்ப் பூச்சி என வழங்கும் இது, நம் நெல்வயல்களைக் கருக்கும் புகையானுக்குத் தூரத்து உறவு.

சுவர்க்க மரத்தோடு நில்லாமல் திராட்சைத் தோட்டங்களையும் தாக்கும் இப்பூச்சி, பழத்தைத் தீண்டுவதில்லை; அதனாலேயே இதன் கொடுமை முதலில் புலப்படுவதுமில்லை. கொடியானது வெயிலில் சமைத்த சர்க்கரையை வேருக்கு அனுப்பி, பனிக்காலத்தைத் தாண்டுவதற்கும் வசந்தத்தில் துளிர்ப்பதற்கும் உரிய சேமிப்பாக வைத்துக்கொள்ளும் இலையுதிர்கால வாரங்களில்தான், இப்பூச்சிகள் காட்டிலிருந்து கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்து, தண்டில் ஊசி போன்ற வாயைச் செருகி, வேருக்குப் போகும் சாற்றை நடுவழியிலேயே குடித்துவிடுகின்றன. அவை கழிக்கும் தேன்போன்ற நீர் இலைகளில் படிந்து கரும்பூசணத்தை வளர்க்கிறது. கடுமையாகத் தாக்குண்ட கொடிகள் குளிர்காலத்தைத் தாண்டாமல் பட்டுப்போனதுண்டு. பல வருஷம் பிள்ளைபோல் வளர்த்த கொடி துளிர்க்காமல் நிற்பதைக் காண்பவரின் துயரம் சாமானியமானதன்று.

மருந்து தெளித்தால் மடியாதா எனில், மடியும். ஆனால் இன்று மடிந்த கூட்டத்தின் இடத்தை நாளை காட்டிலிருந்து மற்றொரு கூட்டம் வந்து நிரப்பும் என்பதும், பறிக்கும் நாள் நெருங்கிவிட்டமையால், தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விடவேண்டிய நாட்கணக்கு பல மருந்துகளுக்கு இடந்தராது என்பதும் சாகுபடிக்காரரின் சங்கடங்கள். ஆதலின், காட்டை ஒட்டிய ஓர வரிசைகளிலேயே இவை மிகுதியாக மொய்க்கும் சுபாவத்தை அறிந்து, தோட்டம் முழுவதையும் மருந்தால் நனைக்காமல், அவ்வோரங்களைக் கண்காணித்துத் தெளிப்பதே விவேகமென்று எனக்குத் தோன்றுகிறது. நம் விவசாயிகள் அறிந்த பிவேரியா பூஞ்சணம், 2018இல் பெர்க்ஸ் மாவட்டத்திலேயே இயற்கையாகத் தோன்றி இப்பூச்சிகளைக் கொன்றது நம்பிக்கையளிக்கும் செய்தி.

கடும்பனியில் தாய்ப்பூச்சிகள் மடிந்துவிடும். ஆனால் செப்டம்பர் முதல் அவை இட்டுவைத்த முட்டைகள், திரளுக்கு 30 முதல் 50 வரை, காய்ந்த சேற்றுப்பூச்சுப் போன்ற படலத்தின்கீழ்ப் பத்திரமாகக் குளிரைக் கடக்கும். அவற்றைச் சுரண்டி ஆல்கஹாலில் போட்டு அழிக்கலாம். மர உச்சியில் உள்ளவையோ கைக்கு எட்டா. மரப்பட்டை மட்டுமன்றித் தோட்டத்துக் கம்பமும், கல்லும், லாரியின் அடிப்பாகமும் முட்டையிடுவதற்கு ஏற்ற இடங்களாக இருப்பதனாலேயே, பூச்சி பரவிய மாவட்டங்களிலிருந்து சரக்கேற்றிப் புறப்படும் வண்டிகளைச் சோதித்த பின்னரே வெளியே அனுப்பவேண்டுமென்ற விதி ஏற்பட்டது.