எந்த அடுப்பின் முன் நிற்பது?

நம் ஊர் ஓட்டலின் பின்கட்டில் ‘சமையல்காரர்’ என்ற சொல் அபூர்வமாகத்தான் காதில் விழும். தோசை மாஸ்டர் இருப்பார், பரோட்டா மாஸ்டர் இருப்பார். சாம்பாரும் குருமாவும் சரக்கு மாஸ்டர் பொறுப்பு. கொஞ்சம் பெரிய இடமென்றால் தந்தூரி மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர் என்று இன்னும் இருவர். சமையலைத் தொழிலாக்க விரும்பும் பிள்ளைகள், “செட்டிநாடு கத்துக்கலாமா, சைனீஸா, இத்தாலியனா?” என்று கேட்கும்போது எனக்கு இந்தப் பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பெரும்பாலும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு இருக்கிறது. செய்முறையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். நெருப்பைப் பழக ஆண்டுகள் ஆகும். எந்த ஊர்ச் சமையல் என்று முடிவெடுக்கும் முன், எந்த விதமான சூட்டோடு வாழப் போகிறோம் என்று பார்த்துவிட வேண்டும்.

தோசைக்கல்லை எடுத்துக்கொள்வோம். ஓட்டல் கல் என்பது கனத்த இரும்புப் பலகை. அந்தக் கனத்தில்தான் சூடு சேமிப்பாக இருக்கிறது. குளிர்ந்த மாவு ஒரு கரண்டி விழுந்தாலும் கல் சட்டென்று ஆறிவிடாது. மாவில் பெரும்பங்கு தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை மாவின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நீர் வற்றிய அடிப்பக்கம் சுமார் 140 டிகிரியை எட்டிய பிறகுதான் வேகமாகச் சிவக்கும். மாவிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நடத்தும் மெயிலார்டு வினை அது. முறுகலின் நிறமும் மணமும் அங்கிருந்து வருகின்றன.

மாஸ்டர் தண்ணீரை வாரித் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே வெந்து கரண்டியோடு சுருண்டு வரும். வட்டமாக இழுக்க முடியாது. தண்ணீர் அந்த மேல்சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் சூடு மேலேறி வருவதற்குள் மாவைப் பரப்பிவிட வேண்டும். தெளித்த நீர் ‘சொய்’யென்று உடனே வற்றினால் ஒரு சூடு. துளிகள் முத்துமுத்தாக உருண்டு ஓடினால் அதைவிடக் கடும் சூடு. அப்போது துளிக்கு அடியில் அதன் ஆவியே மெத்தைபோல் நின்று கல்லைத் தொடவிடாமல் காக்கிறது. 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விரிவாக எழுதிவைத்தார். நம் மாஸ்டர்களுக்கு அதுவே வெப்பமானி.

கற்கிறவருக்குத் தோசைக்கல் தரும் பெரிய வரம் ஒன்று உண்டு. இங்கே தவற்றின் விலை மிகக் குறைவு. கிழிந்துபோனால் நட்டம் ஒரு கரண்டி மாவு. அடுத்த நிமிடமே திருத்திக்கொள்ளலாம். ஒரு நாளில் 300 தோசை ஊற்றுகிறவருக்கு 300 பாடம் கிடைத்துவிடுகிறது.

பிரியாணி தேக்சாவில் கணக்கே வேறு. தம் போட்டு, மூடியின் மேல் கங்கை அள்ளிக் கொட்டிவிட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆவி மேலெழுந்து, ஒவ்வோர் அரிசியின்மேலும் படிந்து நீராகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை அரிசியிடம் கொடுத்துவிடுகிறது. கரண்டி போடாமலே அண்டா முழுதும் சீராக வேகும் ரகசியம் இந்த ஆவிதான். கறியில் சவ்வாக இழுக்கும் கொல்லாஜன், 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் கொழகொழவென்ற ஜெலட்டினாக இளகிவிடும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கறி இளகுவதற்குள் அடி பிடித்துவிடும். பிசகினால் போவது ஒரு தட்டு அல்ல, அன்றைய மதியச் சாப்பாடு மொத்தமும். பாடமும் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். பொறுமையும், தண்ணீர் அளவைக் கையிருப்பு அரிசியைப் பார்த்தே சொல்லும் நிதானமும் உள்ளவர்களுக்கான அடுப்பு இது. சீரகச் சம்பா ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் தண்ணீர் இழுப்பது மாறும் என்பதால், பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் பிரியாணிக்காரர் கவனமாகவே இருப்பார்.

தந்தூர் மண்ணால் ஆன குடம். கீழே கரி எரிய, சுவரின் சூடு 400 டிகிரியையும் தாண்டும். சுவரில் அப்பிய ரொட்டியின் முதுகு மண்ணிலிருந்து நேரடியாகச் சூடு வாங்குகிறது. முகம் கங்கின் கதிர்வீச்சில் வேகிறது. ஓரிரு நிமிடத்தில் நான் ரொட்டி தயார். கம்பியில் கோத்த கோழியிலிருந்து சொட்டும் கொழுப்பு கங்கில் விழுந்து புகையாகித் திரும்பிவந்து இறைச்சியிலேயே ஒட்டிக்கொள்கிறது. 1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்து டெல்லி வந்த குந்தன் லால் குஜ்ரால், தரியாகஞ்சில் மோதி மகால் நடத்தி இந்த அடுப்பின் கோழியை ஓட்டல் உணவாகப் புகழ்பெறச் செய்தார். தந்தூர் முன்னால் நிற்கத் துணிச்சல் வேண்டும். கையை அந்த வாய்க்குள் நாள் முழுக்க விட்டு எடுக்க வேண்டும்.

உடம்பை அதிகம் கேட்பது சீனத்து வாணலி, வோக். மெல்லிய எஃகு, சட்டென்று காயும், சட்டென்று ஆறும். அதற்கான ஓட்டல் அடுப்பின் தீ வீட்டு அடுப்பைப்போலச் சுமார் பத்து மடங்கு. அத்தனை தீயில் சோறு கருகாமலிருக்க அது ஓரிடத்தில் கிடக்கவே கூடாது. 2020இல் வெளிவந்த ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வு, ஃபிரைடு ரைஸ் செய்யும் கைகளைப் படமெடுத்து அளந்தது. நொடிக்குச் சுமார் மூன்று வீச்சு. வாணலியை அடுப்பு விளிம்பில் ஊன்றி, முன்னும் பின்னும் தள்ளியபடியே ஏற்றப்பலகைபோல ஆட்டுகிறார்கள். மேலே பறக்கும் சோறு காற்றில் ஆவியை விட்டுக் கொஞ்சம் ஆறி, மீண்டும் தீயில் விழுகிறது. தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் பற்றியெரிந்து தரும் புகைமணத்தைக் காண்டனீயர்கள் ‘வோக் ஹே’, வாணலியின் மூச்சு என்கிறார்கள். இந்தத் தொழிலில் தோள்வலி சர்வசாதாரணம். சேரும் முன்பே இதைப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அடுப்பைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சின் சமையல் கலைஞர் எஸ்கோஃபியே சமையலறையைச் சாஸ் செய்பவர், வறுப்பவர் என்று பிரித்து ஒழுங்குபடுத்தினார். பிரெஞ்சு முறை ஓட்டல்கள் இன்றும் அந்த ஒழுங்கில்தான் நடக்கின்றன.

என்னைக் கேட்டால், எதில் சேர நினைத்தாலும் தோசைக்கல்லில் ஆறு மாதம் நின்றுவிட்டுப் போவது நல்லது. அத்தனை விரைவாகச் சூட்டைச் சொல்லித்தரும் இடம் வேறில்லை. அந்தப் பழக்கம் நாடு தாண்டியும் கைகொடுக்கும். எத்தியோப்பியாவில் டெஃப் என்ற சிறுதானியத்தை அரைத்துக் கரைத்து, சில நாள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றி இஞ்சேரா சுடுகிறார்கள். புளித்த மாவின் வாசனையும், சூட்டில் விரியும் குமிழ்க் கண்களும் நம் மாஸ்டருக்குப் புதிதாக இராது. வட்டம் மட்டும் திசை மாறுகிறது. நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்பதை, அவர்கள் விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து முடிக்கிறார்கள்.